உப்பு மூட்டைக்கு எத்தனை வெள்ளி?

“ஏம்மா, பிள்ளையத் தூக்கறதுக்கு ஆயிரத்தைந்நூறு வெள்ளியா?” என்று பாட்டி கேட்டார். பிள்ளையைச் சுமக்க நாங்கள் வாங்கிய பை அப்போது கூடத்தின் நடுவில் தன் இரும்புக் காலை ஊன்றிக்கொண்டு நின்றது. அலுமினியச் சட்டம், அகலமான இடுப்புப் பட்டை, பிள்ளையைக் கட்ட ஐந்து வார்கள், கால் வைக்கக் கொக்கி, தலைக்குமேல் மடக்குக் குடை. பாட்டி அதைச் சுற்றி வந்து பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், ஐந்து பிள்ளை பெற்றவர். “உங்க காலத்துல இது இல்லை பாட்டி, சேலையிலயே கட்டித் தூக்கினீங்க” என்றேன். “யாரு தூக்கினா? பிள்ளைய ஆயா கொட்டாயில விட்டுட்டுத்தான் போனோம். பிள்ளையத் தூக்கிக்கிட்டு மரம் வெட்ட முடியுமா?” என்றார்.

அந்தப் பதில் பல நாள் என்னை விடவில்லை. பிள்ளையைச் சுமக்கும் பைகளைப் பற்றிப் படிக்கும் இடமெல்லாம் ஒரே கதைதான் வருகிறது: நம் முன்னோர் துணியில் கட்டிச் சுமந்தார்கள், நாமும் அந்த மரபுக்குத் திரும்புவோம் என்று. பேராக்கின் தோட்டப்புறத்துப் பெண்களுக்கு மட்டும் இந்தக் கதை பாதிதான் பொருந்துகிறது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரும்போது பிள்ளை இடுப்பில் இருக்கும். அங்கிருந்து ஆயா கொட்டகைக்குப் போய்விடும். கொட்டகை இல்லாத இடத்தில், அல்லது கைக்குழந்தை பால் குடிக்கும் பருவத்தில், இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே தூளி கட்டிப் போட்டுவிட்டு மர நிரையில் வெட்ட இறங்குவார்கள். கொசு விரட்டப் பக்கத்தில் புகை போடுவதும் உண்டு. வெட்டி முடித்துப் பால் எடுக்கும் நேரத்தில் தோளில் காண்டாக் கம்பு, இரு முனையிலும் வாளி. அந்த உடம்பில் பிள்ளைக்கு இடம் ஏது? தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1966ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைக் காப்பகத்தையும் சேர்த்துப் பேசியதற்குக் காரணம் இதுதான்.

சுமை என்றால் என்ன என்று அறிந்தவர்கள் தேவையில்லாமல் சுமப்பதில்லை. பிள்ளைப் பை வாங்கப் போகிறவர் முதலில் வாங்கிக்கொள்ள வேண்டிய புத்தி அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பை எவ்வளவு தாங்கும் என்பது இரண்டாவது கேள்வி. சுமப்பவர் யார், எந்த வழியில், எந்த வெயிலில், எத்தனை மணி நேரம் என்பதே முதல் கேள்வி. கடையில் இதைக் கேட்பவர் குறைவு, நானும் கேட்கவில்லை.

சந்தையில் இருப்பவற்றை நான்கு வகையாகப் பார்க்கலாம். முதலாவது வெறும் துணி. நம் சேலை, மலாய்க்காரர்களின் செலெண்டாங், பேராக் மலைப்பகுதியில் வாழும் செமாய், தெமியார் பழங்குடித் தாய்மார் மார்பிலும் முதுகிலும் கட்டிக்கொள்ளும் துணி, ஈப்போவின் பழைய கான்டனீஸ் குடும்பங்களில் பேரப்பிள்ளையை முதுகோடு இறுக்கிய நாலு வார் துணி, எல்லாம் இந்த இனம். இரண்டாவது, தைத்த துணியில் இடுப்புப் பட்டையும் தோள்பட்டையும் கொக்கியும் வைத்த மென்பை. எர்கோபேபி போன்றவை. எடை ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும். மூன்றாவது, பாட்டி தட்டிப் பார்த்த சட்டப் பை. ஆஸ்ப்ரே போகோ, டாய்ட்டர் கிட் கம்ஃபர்ட், தூலே சேப்ளிங் ஆகியவை அதிகம் பேசப்படும் பெயர்கள். நான்காவது கொஞ்சம் வேடிக்கையானது. பெரியவர் தோளில் வார் மாட்டி, அதிலிருந்து தொங்கும் உலோகக் கம்பியில் பிள்ளை நின்றபடி வரும். அமெரிக்காவில் பிக்கிபேக் ரைடர் என்ற பெயரில் விற்கிறார்கள். நாம் உப்பு மூட்டை என்று சொல்லி இலவசமாக விளையாடுவது.

துணி கட்டிச் சுமப்பது மேற்கில் மறந்தே போயிருந்தது. அதைக் கடைச் சரக்காக்கியதில் ஆன் மூர் என்ற அமெரிக்கச் செவிலியருக்குப் பெரிய பங்கு உண்டு. 1960களில் அமைதிப் படைத் தொண்டராக ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டுக்குப் போனவர், அங்கே தாய்மார் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு எல்லா வேலையும் செய்வதைப் பார்த்தார். ஊர் திரும்பித் தன் மகளுக்காக ஒரு பை தைக்கச் செய்தார். அதுதான் ஸ்னக்லி. மென்பைகள் எல்லாம் ஒருவகையில் அதன் வாரிசு. சட்டப் பையின் வம்சம் வேறு. மலையேறிகளின் மூட்டைப் பையில் மூட்டைக்குப் பதில் பிள்ளையை உட்கார வைத்தால் என்ன என்ற யோசனையிலிருந்து வந்தது அது. குளிர்நாட்டு மலைப்பாதைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஈப்போவில் அதைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது அது நன்றாகவே தெரியும்.

முதலில் எடைக் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 8.9 கிலோ, ஆணுக்கு 9.6. இரண்டு வயதில் 11.5, 12.2. மூன்று வயதில் 13.9, 14.3. சட்டப் பை வெறுமையாகவே மூன்றிலிருந்து மூன்றரைக் கிலோ வரும். இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ. பெம்பர்ஸ், மாற்றுடை, சாப்பாடு, மருந்து எல்லாம் சேர்ந்து எப்படியும் ஒன்றரைக் கிலோ. இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் 18.5 கிலோ. நான் 55 கிலோ. என் எடையில் மூன்றில் ஒரு பங்கு என் முதுகில்.

மூட்டைப் பை சுமந்து நடப்பவர்களிடையே புழங்கும் பொதுவிதி, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது. பழகிய உடம்பானால் நான்கில் ஒன்று. ஐந்தில் ஒன்று என்றால் எனக்கு 11 கிலோ. அதாவது ஏறக்குறையப் பிள்ளையை மட்டும் தூக்கலாம், பையைத் தூக்க முடியாது! என் வீட்டுக்காரர் 78 கிலோ. அவருக்கு இதே சுமை நான்கில் ஒன்றுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே பை அவருக்குப் பயணம், எனக்குத் தண்டனை. இதில் அன்பு, பொறுமை, தாய்மை எதுவும் வராது. வெறும் வகுத்தல் கணக்கு.

பையில் எழுதியிருக்கும் எடை வரம்பையும் கவனித்துப் படிக்க வேண்டும். போகோவில் 22 கிலோ என்று போட்டிருந்தால் அது பிள்ளை, பொருள், பை எல்லாம் சேர்த்த எடை. வேறு சில நிறுவனங்கள் பையின் எடையைக் கழித்துவிட்டுச் சொல்லும். எண் ஒன்றுபோல் இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. பை, பொருள் எல்லாவற்றையும் சேர்த்தால் மூன்று வயதுப் பையன் 21 கிலோவைத் தொட்டுவிடுவான். மறுமுனையில், பிள்ளை பிறர் உதவியில்லாமல் உட்காரும்வரை சட்டப் பை ஆகாது. அது பெரும்பாலும் ஆறு ஏழு மாதம். அமெரிக்கத் தர விதியான ஏஎஸ்டிஎம் எஃப்2549 இந்தப் பைகளுக்குக் கீழ்வரம்பாக வைப்பது 16 பவுண்டு, சுமார் ஏழேகால் கிலோ. ஆக, ஆயிரத்தைந்நூறு வெள்ளிப் பை உங்களிடம் வேலை செய்யப்போவது ஏறக்குறைய இரண்டரை வருடம். மாதம் இரண்டு நடை என்று வைத்தால் அறுபது நடை, நடைக்கு இருபத்தைந்து வெள்ளி. மாதம் இரண்டு முறை போகிற குடும்பம் எத்தனை என்று எனக்குச் சொல்லத் தெரியாது, எங்களுடையது அல்ல.

அடுத்தது உடம்பு அளவு. இந்தப் பகுதியில்தான் நாங்கள் தவறினோம். பையை என் வீட்டுக்காரர் கடையில் மாட்டிப் பார்த்தார், சரியாக இருந்தது, வாங்கிவிட்டோம். வீட்டுக்கு வந்து நான் மாட்டினால் இடுப்புப் பட்டை தொடைக்கு வந்துவிட்டது. முதுகின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரைக்கும் உள்ள அளவுதான் பைக்கு முக்கியம், மொத்த உயரம் அல்ல. நல்ல சட்டப் பையில் முதுகுப் பகுதி மேலும் கீழும் நகரும். அந்த நகர்வின் கீழெல்லை உங்கள் வீட்டில் மிகக் குட்டையாக இருப்பவருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நெட்டையானவருக்குப் பெரும்பாலும் எதுவும் பொருந்தும். பாட்டி, தாத்தா, சித்தப்பா என்று மாறி மாறித் தூக்குகிற வீடானால் அந்த நகர்வு ஒரு நிமிடத்தில், கருவி எதுவும் இல்லாமல், முடிய வேண்டும். பாதையோரத்தில் அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு வார்களோடு மல்லுக்கட்டிப் பார்த்தவருக்கு இது தெரியும்.

மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. எல்லா வாரையும் தளர்த்திவிட்டு முதலில் இடுப்புப் பட்டை. அது இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. எடையின் பெரும்பகுதி அங்கேதான் இறங்கும். பிறகு தோள்வார், அதன்பின் தோளுக்கு மேலே பையை முதுகோடு இழுக்கும் சிறுவார், கடைசியாக மார்பு வார். தோள் வலிக்கிறது என்பவர் நூற்றில் தொண்ணூறு பேர் இடுப்புப் பட்டையைத் தவறாகப் போட்டவர்கள் என்று என் அனுபவத்தில் சொல்வேன். நம் பெண்கள் குடத்தையும் பிள்ளையையும் இடுப்பில் வைத்ததன் சூட்சுமத்தைத்தான் பையும் பேசுகிறது. கடைக்குப் போகும்போது பிள்ளையைவிட அரிசிப் பைதான் நல்ல துணை. பத்துக் கிலோ அரிசியை இருக்கையில் வைத்துக் கட்டிக்கொண்டு பேரங்காடியின் படிகளில் இரண்டு மாடி ஏறி இறங்குங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அந்தப் பத்துக் கிலோவையும் தூக்க வேண்டாம்.

பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் முக்கியமானது இரண்டு. ஒன்று, தொடை. இருக்கை பிள்ளையின் தொடையை முழங்கால்வரை தாங்க வேண்டும், முழங்கால் இடுப்பின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். தவளை உட்காரும் வாட்டம். கால்கள் நேராகத் தொங்கும்படி கவட்டில் மட்டும் தாங்கும் பை சின்னப் பிள்ளையின் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல என்று எலும்பு மருத்துவர்கள் சொல்கிறார்கள். இடுப்பில் கால் பரப்பி உட்காரும் நம் ஊர்ப் பிள்ளைக்கு இந்த வாட்டம் பிறவியிலேயே கிடைக்கிறது. சட்டப் பையில் பாதம் வைக்கும் கொக்கி தேவைப்படுவதும் இதனால்தான், அது இல்லாவிட்டால் கால் மரத்துப் போகும். கொக்கி இருந்தாலும் முக்கால் மணிக்கு ஒருமுறை இறக்கிக் காலை உதறவிட வேண்டும். இரண்டாவது, தூக்கம். உப்பு மூட்டை ஏறும் பிள்ளை உங்களைப் பற்றிக்கொள்ளும், நீங்கள் சாயும் பக்கம் அதுவும் சாயும். தூங்கிய பிள்ளை அப்படியல்ல. தலை ஒரு பக்கம் விழும், எடை முழுவதும் அந்தப் பக்கம் இழுக்கும். செங்குத்தான இறக்கத்தில் அந்த இழுப்பு போதும் கால் வழுக்க. கன்னம் சாய்க்க முன்பக்கம் மெத்தை உள்ள பைகளில் தலை ஓரளவு நடுவில் நிற்கும்.

குடை, கண்ணாடி, பொம்மை மாட்டும் வளையம், பால்புட்டிப் பை பற்றியெல்லாம் விளம்பரம் நிறையப் பேசுகிறது. எனக்குப் பேச ஒன்றுமில்லை. முதுகுப் பக்கம் வலைத்துணி இழுத்துக் கட்டி, காற்றுப் போக இடைவெளி விட்டிருக்கிறார்களா என்பதை மட்டும் பாருங்கள். ஏனென்றால் அடுத்து வருவது வெயில்.

ஈப்போவில் பகல் வெப்பம் பெரும்பாலான நாட்களில் 33 டிகிரியைத் தொடும். காற்றில் ஈரம் வேறு. குளிர்நாட்டில் எழுதும் வழிகாட்டிகள் பிள்ளைக்குக் குளிர் அடிக்கும், கம்பளிக் காலுறை போடுங்கள் என்கின்றன: நடப்பவருக்கு வேர்க்கும், அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை விறைக்கும். இங்கே நிலைமை வேறு. மென்பையில் பிள்ளையின் வயிறும் உங்கள் முதுகும் ஒட்டியே இருக்கும். இரண்டு உடம்பின் சூடும் போக வழியில்லை, அரைமணியில் இருவரும் நனைந்துவிடுவீர்கள். சட்டப் பையின் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது. பிள்ளை உங்கள் உடம்பைவிட்டு விலகிக் காற்றில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதே காரணத்தால் வெயிலும் அதன்மேல் நேராக விழுகிறது. குடைக்கு மேல் துண்டையோ சேலைத் தலைப்பையோ போர்த்துவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். வேண்டாம். உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும், பிள்ளையின் முகமும் உங்கள் துணைக்குத் தெரியாது. பின்கழுத்தில் கைவைத்துப் பார்த்து, சூடாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் இறக்கி நிழலில் விடுங்கள். வெயிலில் சோர்ந்து கண்மூடும் பிள்ளையைத் தூங்குவதாக நினைத்து நடந்துகொண்டே இருப்பதுதான் பெரிய ஆபத்து. கூட வருகிறவர் பின்னால் நடக்க வேண்டும், முன்னால் அல்ல.

இதற்குப் பாட்டியிடம் பதில் இருந்தது. “பால் எப்ப வெட்டுவோம்னு நெனைக்கிற?” விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். அதனால் வெளிச்சம் வருமுன் பெரட்டு, இருட்டோடு வெட்டு, பத்துப் பதினொரு மணிக்குள் காட்டு வேலை ஓய்ந்துவிடும். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. பிள்ளையோடு நடக்க இதைவிடச் சிறந்த கால அட்டவணையை எந்த மலையேற்ற நிபுணரும் தரவில்லை. ஏழு மணிக்குக் கிளம்பி பத்துக்குள் இறங்கிவிட வேண்டும். பிற்பகலில் இடி மழை வரும், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கூடுதலாக. உலோகச் சட்டத்தில் பிள்ளையை உயர்த்தி வைத்துக்கொண்டு இடிக்கு நடுவே முகட்டில் நிற்பது அறிவுடைமை அல்ல. புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பை பரணிலேயே இருக்கட்டும்.

இனி வழிகள். பேராக்குக்கு ரப்பர் வந்தது 1877இல். கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட கன்றுகளிலிருந்து மிஞ்சிய ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த மரங்களுக்காக வெட்டிய தோட்டச் சாலைகள் பலவும் இன்று செம்பனைக்குள் ஓடுகின்றன. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா பக்கங்களில் பிறந்த தோட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிற குடும்பங்கள் நடப்பது இந்தச் சாலைகளில்தான். (உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது.) தரை சமமானது, பாதை அகலமானது, சட்டப் பைக்கு ஏற்ற இடம் என்று தோன்றும். ரப்பர்க் காடாக இருந்தவரை அது உண்மை, நெடிய தண்டும் உயரத்தில் நிழலும் அதன் அழகு. இளம் செம்பனையில் மட்டைகள் தலைமட்டத்துக்குத் தாழ்ந்து வரும், அடியில் முள். உங்கள் தலை தப்பும். உங்களைவிட ஒரு சாண் உயரத்தில் ஒரு தலை இருக்கிறது என்பது முதுகுக்கு மறந்துபோகும். இருக்கையை மிகத் தாழ்வாக வைக்க முடிகிற பை இங்கே நல்லது. பிள்ளை உங்கள் பின்மண்டையைப் பார்த்தபடி வரும், காட்சி குறையும், கண் தப்பும்.

ஈப்போக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை மலை கிளேடாங். உயரம் 808 மீட்டர். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் இருப்பதால் அதுவரை தார்ச் சாலை உண்டு. காட்டுப் பாதையும் உண்டு. சட்டப் பை சாலைக்கு, மென்பை காட்டுக்கு என்பது எங்கள் முடிவு. காட்டுப் பாதையில் வேர்களும் மழைக்குப் பின் சோப்புப்போல் ஆகிவிடும் செம்மண்ணும் இருக்கும். எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆட்டம். இரண்டு ஊன்றுகோல் இல்லாமல் சட்டப் பையோடு அங்கே இறங்காதீர்கள். குரங்குகளை மறந்துவிடக் கூடாது. உங்கள் முதுகுக்குப் பின்னால், உங்களுக்குத் தெரியாத இடத்தில், கையில் பிஸ்கட்டோடு ஒரு சிறு ஆள் உட்கார்ந்திருக்கிறார். குரங்குக்கு அது நன்றாகத் தெரியும். பையில் போகும்போது தின்பண்டம் கூடாது. புந்தோங் கச்சான் பூத்தே வாங்காமல் ஈப்போவில் எந்தப் பயணமும் தொடங்காது என்றாலும், கடலை சின்னப் பிள்ளையின் தொண்டையில் சிக்கும் பண்டம். பின்னால் யார் மூச்சுத் திணறுகிறார்கள் என்று முன்னால் நடப்பவருக்குத் தெரியாது.

சுண்ணாம்புக் குன்றுகள் வேறு கதை. அவை நிற்கும் கிந்தாப் பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குகைக் கோயில்களில் கெக் லோக் தோங் குடும்பத்துக்கு ஏற்றது: குகையின் தரை அகலம், கூரை உயரம், மறுபுறம் தோட்டமும் நடைபாதையும். பேராக் தோங்கில் நானூறுக்கு மேல் படிகள். முன்பக்கம் பிள்ளையைக் கட்டியிருந்தால் இறங்கும்போது உங்கள் பாதம் உங்களுக்குத் தெரியாது, ஆகவே படியென்றால் முதுகுதான். கோப்பேங்கின் குவா தெம்புரோங் குகையில் படிக்கட்டுப் பாதையோடு நிற்பதானால் மென்பை போதும். தவழ்ந்தும் நீரில் இறங்கியும் போகிற நீண்ட பயணத்துக்குப் பிள்ளையே வேண்டாம். குன்றின் அடிவாரத்தில் நிழல் கிடைத்தது என்று உட்கார்ந்துவிடுவதற்கு முன் மேலே ஒருமுறை பாருங்கள். 1973 அக்டோபரில் குனோங் சீரோவில் பாறை சரிந்து விழுந்து சுமார் நாற்பது பேர் மாண்டார்கள்.

அதே குனோங் சீரோவுக்குத்தான் தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து காவடிகள் வருகின்றன. கூட்டத்தில் கரும்புத் தொட்டில்களும் வரும். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கரும்பில் மஞ்சள் துணி கட்டி, பிள்ளையை அதில் கிடத்தி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தோள் கொடுத்துச் சுமப்பார்கள். சுமை இரண்டாகப் பிரிகிறது, பிள்ளை படுத்திருக்கிறது, பின்னால் வருபவர் அதன் முகத்தைப் பார்த்தபடியே நடக்கிறார். சட்டப் பைக்காரர்கள் இன்னும் தீர்க்காத மூன்று சிக்கல்களையும் கரும்பு தீர்த்துவிட்டது என்று ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னேன். என் மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை.

குளிர்ந்த மலைகளுக்கு வந்தால் சட்டப் பை தன் சொந்த ஊருக்கு வந்துவிடுகிறது. சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் அண்டை மாநிலத்துக் கேமரன் மலை. அங்கே தேயிலைச் சரிவுகளில் இரண்டு மணி நேரம் நடந்தும் பிள்ளையின் கழுத்து உலர்ந்தே இருந்தது. தைப்பிங்கின் புக்கிட் லாருட் 1,250 மீட்டர்தான், ஆனால் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை வாங்கும் ஊர் அது. பைக்கு மழையுறை இல்லாமல் போவது வீண். மோட்டார்ச் சாலை வருமுன் வெள்ளைக்காரத் துரைமாரும் துரைசானிகளும் அந்த மலைக்கு மட்டக்குதிரையிலும் நாற்காலிப் பல்லக்கிலும் ஏறினார்களாம். சுமக்க ஆள் கிடைத்தவர்களுக்கு எடைக் கணக்கு ஏது?

இத்தனைக்கும் பிறகு என் பரிந்துரை கொஞ்சம் கஞ்சத்தனமாகத் தோன்றலாம். பிள்ளை ஒன்பது பத்துக் கிலோ வரும்வரை நல்ல மென்பை ஒன்றே போதும், பூங்காவுக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் அது உதவும். டி.ஆர். சீனிவாசகம் பூங்காவையும் குனோங் லாங்கையும் சுற்ற யாருக்கும் அலுமினியச் சட்டம் தேவையில்லை. மென்பையோடு ஐந்தாறு முறை காலை நடை போன பிறகும் மலை ஆசை விடாமல் இருந்தால், சட்டப் பையை யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு மாதம் பாருங்கள். வாங்குவதானால் பழைய பைதான் புத்திசாலித்தனம். எல்லாருடைய பையும் இரண்டரை வருடத்தில் ஓய்வு பெற்றுவிடுவதால் பரண்களில் நல்ல பைகள் ஏராளம். கூடவே நாலு கெஜம் உறுதியான பருத்தித் துணி ஒன்றை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் பிள்ளை தூங்கினால் இரண்டு நல்ல மரத்துக்கிடையில் தாழ்வாகத் தூளி கட்டலாம், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். பையிலேயே தூங்கவிட்டு நடப்பதைவிட அது எல்லாருக்கும் சுகம். எடையும் அதிகம் வராது.

பழைய பை வாங்கும்போது தயாரிப்புத் தேதிச் சீட்டைத் தேடிப் படியுங்கள். 2012 ஜனவரிக்கும் 2014 டிசம்பருக்கும் இடையில் தயாரான ஆஸ்ப்ரே போகோ பைகளில் கால் நுழையும் துளை வழியே சிறு பிள்ளை நழுவி விழ வாய்ப்பிருப்பதாகத் தெரியவந்தது. நிறுவனம் இருக்கையில் பொருத்தும் மெத்தைத் துண்டு ஒன்றை இலவசமாகக் கொடுத்துச் சரிசெய்தது. அந்தத் துண்டு இல்லாத பை இன்னும் எங்காவது கைமாறிக்கொண்டிருக்கலாம். ஐரோப்பிய இஎன் 13209, அமெரிக்க ஏஎஸ்டிஎம் எஃப்2549 என்ற எண்களில் ஒன்றாவது சீட்டில் இருக்க வேண்டும். பெயரே இல்லாத மலிவுப் பை ஒன்றை இணையத்தில் வாங்கி நான் பட்டது தனிக்கதை. மூன்றாவது நடையில் மார்புக் கொக்கி கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, இருக்கையில் இருந்தது அரிசி. வார்கள் தையலில் இழை விட்டிருக்கின்றனவா, வெயிலில் நிறம் மங்கி நொறுங்குகின்றனவா, ஊன்றுகால் பூட்டிக்கொள்கிறதா, கொக்கி ஒவ்வொன்றும் சத்தத்தோடு விழுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

ஊன்றுகால் இருக்கிறது என்பதற்காகப் பையை மேசை மேல் நிறுத்திப் பிள்ளையை ஏற்றுவது பலர் செய்யும் தவறு. தரையில் நிறுத்தி, ஏற்றி, கட்டி, பிறகு ஒரு முழங்காலை மண்டியிட்டு, மறு தொடைமேல் இழுத்து, முதுகுக்குக் கொண்டுவர வேண்டும். பாதையில் ஏதாவது விழுந்தால் இடுப்பை வளைத்துக் குனியாதீர்கள், முழங்காலை மடக்கி உட்காருங்கள். குனிந்தால் பிள்ளை உங்கள் தலைக்கு மேலாகக் கவிழப் பார்க்கும். காரில் இந்தப் பை இருக்கை ஆகாது. 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் காருக்குப் பிள்ளை இருக்கை கட்டாயம், அது வேறு இது வேறு.

எங்கள் மகளுக்கு இப்போது மூன்றரை வயது. போன மாதம் கிளேடாங் சாலையில் கால்மணி நேரம் பையில் வந்தவள், “இறங்கறேன்” என்றாள். இறங்கி நடந்தாள், நின்றாள், எறும்பு பார்த்தாள், திரும்பவும் ஏற மறுத்தாள். அரைக் கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். என் வீட்டுக்காரர் மூன்றரைக் கிலோ வெற்றுச் சட்டத்தைச் சுமந்தபடி பின்னால் வந்தார். பாட்டியிடம் வந்து சொன்னபோது, பை இனிச் சும்மாத்தானே கிடக்கிறது, வரும்போது சந்தையிலிருந்து பத்துக் கிலோ அரிசியை அதிலேயே வைத்துத் தூக்கி வரச் சொன்னார்.